சிறுநீரக மருத்துவர் உருவாகும் வகை

(மன்றப் பொழிவின் எழுத்து வடிவம்)



1938ஆம் ஆண்டு. ஆலந்து நாட்டின் வடபால் உள்ள குரோனிங்கன் நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனை. அங்கே வில்லெம் கோல்ஃபு என்னும் இளைய மருத்துவர் ஊதியமில்லா உதவியாளராகப் பணியாற்றி வந்தார். அகவை இருபத்தேழு. அவர் பொறுப்பிலிருந்த படுக்கைகளுள் ஒன்றில் இருபத்திரண்டு அகவை இளைஞன் ஒருவன் கிடந்தான். அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் சிறுகச் சிறுகச் செயலற்றுக்கொண்டிருந்தன. ஓயாத வாந்தி; கண்பார்வை மங்கல்; தலையைத் தூக்கவொட்டாத வலி. குருதியில் கழிவு நாளும் ஏறிக்கொண்டே வந்தது. மருத்துவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. அவன் தாய் ஓர் உழவர் வீட்டுப் பெண்மணி. அவன் அவளுக்கு ஒரே மகன். 'உன் மகன் பிழையான்' என்பதை அத்தாயிடம் சொல்லும் கடமை அந்த இளைய மருத்துவர் தலையில் விழுந்தது.

அன்று அவர் நெஞ்சில் ஒரு கணக்கு ஓடிற்று. நாளொன்றுக்கு இருபது கிராம் யூரியாவை இவன் குருதியிலிருந்து பிரித்தெடுத்துவிட்டால் இவன் வாந்தி நிற்குமே, உயிர் நிற்குமே என்பதே அக்கணக்கு. இருபது கிராம் என்பது ஒரு கைப்பிடிக்கும் குறைவு. அந்தக் கைப்பிடிக்கும் குறைவானதை எடுக்க வழியின்றி ஓர் உயிர் போயிற்று.

ஈண்டு ஒன்று நினைக்கத் தகும். அந்த மருத்துவமனையில் வேறு துறைகளுக்கு மருத்துவர் இருந்தனர். சிறுநீரகத்திற்கென்று ஒருவர் அங்கும் இல்லை. உலகில் வேறு எங்கும் ஏறத்தாழ இல்லை. அத்தகைய மருத்துவர் என்னும் ஓர் இனமே பிற்பாடு தோன்றியது. அவ்வினம் எவ்வாறு தோன்றியது, அதில் ஒருவரை உருவாக்க என்ன செய்கிறார்கள், எத்துணை ஆண்டு செய்கிறார்கள், அந்தப் பயிற்சியில் கற்றற்கரியது எது என்பதே இன்றைய பொழிவின் பொருள்.

முதலில் உறுப்பைப் பற்றிச் சிறிது. தமிழர் அதனைச் சிறுநீரகம் என்றனர். ஊர்ப்புறத்தார் குண்டிக்காய் என்றனர். கைப்பிடி அளவினது. ஆயினும் நெஞ்சாங்குலை இறைக்கும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்விரண்டு காய்களுக்கே போகின்றது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய பத்து இலக்கம் நுண்வடிகள் உள்ளன. நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவு நீரை அவை வடிக்கின்றன. வடித்ததில் ஒன்றரை லிட்டர் ஒழிய எஞ்சியதை எல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. கழிவைப் பிரிப்பதைவிட, வேண்டியதை விடாது பிடித்துக்கொள்வதே பெரிய வேலை. சிறுநீரகத்தைக் கழிவுக்கால்வாய் என்று எண்ணுவோர் அதன் பாதியைத்தான் அறிந்தோர் ஆவர்.

அதன் நோயை முதற்கண் தெளிவாகக் கண்டவர் இலண்டன் கை மருத்துவமனையின் இரிச்சர்டு பிரைட்டு. 1827இல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார். அவர் கையாண்ட கருவி யாது தெரியுமோ? ஒரு கரண்டி, ஒரு மெழுகுத்திரி. நோயாளரின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்துச் சுடரின்மேல் காட்டுவார். முட்டையின் வெண்கருபோல் அது திரிந்து வெளுத்தால், உடலிலேயே தங்கவேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகுகின்றது என்று கொள்வார். பிறகு அந்நோயாளர் இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்துச் சிறுநீரகம் சுருங்கியிருத்தலைக் காண்பார். 1842இல் அவருக்கென இரு கூடங்களும் ஓர் ஆய்வறையும் ஒதுக்கப்பட்டன. நோயைக் கண்டறியும் கலை அங்கே பிறந்தது. ஆற்றும் கலை பிறக்க மேலும் நூறாண்டு ஆயிற்று.

அந்த நூறாண்டின் முடிவில் மீண்டும் கோல்ஃபு வருகிறார். 1940இல் செருமானியர் ஆலந்தைப் பிடித்துக்கொண்டனர். கோல்ஃபு காம்பென் என்னும் சிற்றூர் மருத்துவமனைக்குப் பெயர்ந்தார். போர்க்காலம்; எப்பொருளும் கிடைக்கவில்லை. கொத்திறைச்சியை அடைக்கும் செல்லோபேன் குழலை வாங்கி, மரச்சட்ட உருளையொன்றில் சுற்றி, அவ்வுருளையை உப்புநீர்த் தொட்டியில் சுழலவிட்டார். குழலுக்குள் நோயாளரின் குருதி, வெளியே உப்புநீர், இடையே நுண்துளைத் தாள். குருதியிலுள்ள கழிவு தாளைக் கடந்து நீருக்குச் செல்லும். குருதித் தூய்மிப்பு – பலரும் டயாலிசிசு என்று வழங்குவது – இதுவே. 1943இல் முதல் நோயாளருக்கு அதனைப் பூட்டினார். தொடக்கத்தில் பண்டுவம் பெற்றவர்கள் ஏறத்தாழ எல்லாரும் இறந்தனர். பதினாறு பேருக்குப் பின், 1945 செப்டம்பரில், பதினேழாமவர் பிழைத்தார். அறுபத்தேழு அகவை மூதாட்டி. அவர் யார்? செருமானியர்க்குத் துணைபோனார் என்று சிறையில் வைக்கப்பட்டிருந்தவர்! ஊரார் வெறுத்த ஒருவர். 'இவரையா பிழைக்க வைப்பது?' என்று கேட்டவர் இல்லாமல் இருந்திருக்க முடியாது. கோல்ஃபு பொறியைப் பூட்டினார். மூதாட்டி கண் திறந்ததும் தம் கணவரை மணவிலக்குச் செய்யப்போவதாகக் கூறினாராம். கோல்ஃபே பிற்காலத்தில் சொல்லி மகிழ்ந்த செய்தி இது.

இந்த மூதாட்டியை நினைவில் வைத்திருங்கள். பின்னர் வேண்டியிருக்கும்.

கோல்ஃபு தம் பொறிகளைப் பிற நாட்டு மருத்துவமனைகளுக்கு விலையின்றியே கொடுத்தார். வரைபடம் கேட்டவர்க்கு வரைபடம் கொடுத்தார். 1947இல் பாசுட்டன் நகரத்துப் பீட்டர் பென்ட்டு பிரிகாம் மருத்துவமனைக்கு அவ்வரைபடம் சென்றது. அங்கே அதனைத் திருத்தி, துருவேறா எஃகில் புதுப்பொறி கட்டினர். 1948இல் அது முதன்முதல் இயங்கிற்று. அதனை இயக்கும் பொறுப்பு சான் மெரில் என்னும் இளைய மருத்துவரிடம் வந்தது. அதுவரையில் அவர் சிறுநீரகத்தையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் அல்லர்; கொள்வதற்கு அப்படியொரு பணியே இல்லை. பொறியோடு போராடிப் பொறியின் வாயிலாகவே உறுப்பைக் கற்றார். அவரிடம் கற்கப் பல நாட்டு இளைஞர் பாசுட்டனுக்கு வந்தனர். 1954 திசம்பர் 23ஆம் நாள், ஒத்த இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவர்க்கு சோசப்பு மரே என்னும் அறுவை மருத்துவர் அங்கே பொருத்தினார். அந்நோயாளரை அறுவைக்கு முன்னும் பின்னும் காத்தவர் மெரிலே. அறுப்பவர் ஒருவர், காப்பவர் வேறொருவர் என்னும் இந்தப் பிரிவினையில்தான் சிறுநீரக மருத்துவரின் இடம் உறுதியாயிற்று. 1960இல் உலக மருத்துவர் கூடிய மாநாட்டில் அத்துறை தனக்கென ஒரு பெயரையும் ஒரு பன்னாட்டுக் கழகத்தையும் பெற்றது. 1972இல் அமெரிக்காவில் அத்துறைக்கென முதல் தகுதித் தேர்வு நடந்தது.

இனிப் பயிற்சிக்கு வருவோம். அமெரிக்க முறையை முதலில் காண்க. பள்ளிப் படிப்பு முடிந்தபின் கல்லூரி நான்காண்டு. மருத்துவக் கல்லூரி நான்காண்டு. பொது மருத்துவப் பயிற்சி மூன்றாண்டு. அதன்மேல் சிறுநீரகவியலில் குறைந்தது ஈராண்டு. இந்தக் கடைசி ஈராண்டைத்தான் அவர்கள் 'ஃபெலோசிப்பு' என்பர். தோழமை என்பது அச்சொல்லின் நேர்பொருள். பெயர் பொருத்தமே! மூத்த மருத்துவரும் இளையவரும் ஒரே நோயாளரின் படுக்கையருகில் நின்று ஒன்றாகத் தடுமாறும் காலம் அது. ஈண்டு அதனை மேற்பயிற்சி என்றே சொல்வோம். அந்த ஈராண்டில் ஓராண்டேனும் முழுமையாக நோயாளரோடு கழியவேண்டும். எஞ்சியதில் ஆய்வும் உண்டு.

அவ்வாண்டில் இளைய மருத்துவர் செய்வது என்ன? காலையில் சிறுநீர்ப் புட்டியோடு ஆய்வறைக்குப் போகிறார். சிறுநீரைச் சுழற்றி, அடியில் தங்கியதில் ஒரு துளியை ஆடியில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்கிறார். ஆய்வுக்கூடம் எண்களை அச்சிட்டுத் தரும் இக்காலத்தில் இது வேண்டாத வேலை என்று சிலர் கருதுவர். நல்ல ஆசிரியர் எவரும் அதனை ஒப்புவதில்லை. நுண்குழலுக்குள் உறைந்து அக்குழலின் வடிவத்திலேயே வெளிவரும் வார்ப்புகள் உள்ளன. சேற்று நிற வார்ப்பு மிகுந்திருந்தால் குழல் அடிபட்டிருக்கிறது. அது பெரும்பாலும் தானே தேறக்கூடும். சிவப்பணு வார்ப்பு தென்பட்டால் வடியே அழற்சியில் வேகின்றது. நாள் கடத்தினால் காய் போய்விடும். இரண்டு நோயாளரின் குருதிச் சான்றிலும் ஒரே எண் இருக்கலாம். ஒருவர்க்குக் காத்திருத்தல் மருந்து. மற்றவர்க்குக் காத்திருத்தல் கேடு. வேறுபாட்டை அந்தத் துளிதான் சொல்லும்.

பின் ஊசி. சிறுநீரகத்தில் ஒரு சிறு துணுக்கை ஊசியால் எடுத்து ஆயும் முறையை 1951இல் தென்மார்க்கு மருத்துவர் இவெர்சனும் பிரூனும் வெளியிட்டனர். 1954இல் சிக்காகோவில் கார்க்கும் மியூர்க்கும் நோயாளரைக் குப்புறக் கிடத்தும் இன்றைய முறைக்கு அடியிட்டனர். நோயாளர் மூச்சை அடக்கியிருக்கும் அந்தச் சில நொடிக்குள் ஊசி போய்த் திரும்பவேண்டும். கை நடுங்காமல் இதனைச் செய்யச் சில திங்களில் பழகிவிடலாம். யாருக்கு இதனைச் செய்யலாகாது – குருதியழுத்தம் அடங்காதவர்க்கு, குருதி உறையாதவர்க்கு, காய் ஏற்கெனவே சுருங்கி வற்றியவர்க்கு – என்று அறிந்து கையை மடக்கிக்கொள்வதே நெடும்பயிற்சி.

இந்தக் கை மடக்கும் கல்வி அவர்களின் ஒவ்வொரு வேலையிலும் ஊடே ஓடுகின்றது. எடுத்துக்காட்டுகள் இரண்டு சொல்லலாம்.

நள்ளிரவில் மயக்கத்தோடு ஒருவர் கொண்டுவரப்படுகிறார். குருதியில் சோடியம் மிகக் குறைந்திருக்கிறது. உப்பு குறைந்தால் உப்பை ஊற்றுவது எளிது, எவருக்கும் தோன்றும். ஆனால் நாட்பட்டுக் குறைந்த உப்பை ஒரே நாளில் ஏற்றிவிட்டால், சில நாள் கழித்து மூளைத்தண்டின் நரம்புறை சிதைந்து அவர் பேச்சும் கைகாலும் இழந்து கிடக்கலாம். ஆகவே ஒரு நாளைக்கு எட்டு அலகுக்குமேல் ஏறாதபடி, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை குருதி எடுத்துப் பார்த்துக்கொண்டே இரவு முழுதும் உட்கார்ந்திருக்கவேண்டும். ஏறும் விரைவு மிகுந்தால் ஏற்றியதை இறக்கவும் வேண்டும்! உறவினர் வெளியே நின்று, 'மருத்துவர் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார்' என்று குறைசொல்வர். அவர் செய்வதெல்லாம் அந்த உட்கார்தல்தான்.

மற்றொன்று தூய்மிப்புப் பொறி. நெடுநாள் நஞ்சேறிய ஒருவர்க்கு முதன்முறை பொறியைப் பூட்டும்போது, கழிவை விரைந்து எடுத்துவிடலாம் என்று பயிலாதவர் எண்ணுவர். குருதியில் யூரியா திடுமெனக் குறைந்தால், மூளையில் இருப்பது குறையாமையால் நீர் மூளைக்குள் பாய்கின்றது, வலிப்பு வரும். எனவே முதல் முறை குறுகிய நேரம், மெதுவான ஓட்டம். வலிமை முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு அதில் சிறு பங்கை மட்டும் செலவிடுதல்.

பொட்டாசியம் ஏறி நெஞ்சாங்குலையின் துடிப்பு வரைவு கூர்முனையாய் எழும்பும்போது மட்டும் அந்த மெதுவுக்கு இடமில்லை. கால்சியத்தைக் குருதியில் செலுத்தி, இன்சுலினும் சருக்கரையும் கொடுத்து, பொறிக்கு ஆளனுப்பவேண்டும். எப்போது ஓடுவது, எப்போது உட்காருவது என்பதை எந்த ஏடும் முழுமையாய் எழுதிவைக்கவில்லை.

இனி அந்த மூதாட்டியிடம் திரும்புவோம்.

1960 மார்ச்சில் சியாட்டில் நகரத்தில் பெல்டிங்கு சிகிரிப்னர் என்னும் மருத்துவர், கையின் குருதிக்குழாய் இரண்டில் டெஃப்லான் குழலை நிலையாகப் பொருத்தி, விரும்பும்போதெல்லாம் பொறியில் இணைக்கும் வழி கண்டார். கிளைடு சீல்டு என்னும் பொறிவினைஞர் முதலில் அதனைப் பெற்று, 1971 வரை பதினோராண்டு வாழ்ந்தார். அதுகாறும் சில நாள் துன்பத்தைக் கடத்த உதவிய பொறி, வாழ்நாள் முழுதும் உயிரைத் தாங்கும் பொறியாயிற்று. பொறிகளோ சில, சாவின் வாயிலில் நிற்போர் பலர். யாருக்குக் கொடுப்பது? அங்கே எழுவர் கொண்ட ஒரு குழு அமைக்கப்பட்டது. குருமார் ஒருவர், வழக்குரைஞர் ஒருவர், இல்லத்தரசி ஒருவர், வைப்பகத்தார் ஒருவர், தொழிலாளர் தலைவர் ஒருவர், அரசு அலுவலர் ஒருவர், அறுவை மருத்துவர் ஒருவர். பெயர் மறைத்துக் கூடினர். உடல் நிலையை மருத்துவர் பார்த்து விடுத்தபின், மணமானவரா, பிள்ளைகள் எத்தனை, வருவாய் என்ன, படிப்பு என்ன, கோயிலுக்குச் செல்பவரா என்றெல்லாம் இக்குழு பார்த்தது. 1962இல் 'இலைஃபு' இதழ் இதனை வெளியிட்டபோது நாடே திடுக்கிட்டது. காம்பென் சிறைப்பட்ட மூதாட்டி அக்குழுவின் முன் நின்றிருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்று சொல்லவும் வேண்டுமோ?

அக்குழுவினர் கொடியர் அல்லர். தமக்கு ஏலாத சுமையை ஏற்று உறக்கமின்றித் தவித்தவர்கள். பிழை அவர்களிடத்தில் இல்லை. பத்துப் படுக்கைக்கு நூறு உயிரை நிறுத்திய நிலைமையில் இருந்தது. 1972இல் அமெரிக்க அரசு சட்டமியற்றியது. 1973 சூலையிலிருந்து சிறுநீரகம் முற்றும் செயலிழந்தோர் ஏறத்தாழ எல்லார்க்கும் அரசே செலவை ஏற்றது. குழு கலைந்தது.

அங்ஙனமாயின் இளைய மருத்துவரின் சுமையும் இறங்கிவிட்டதா? இல்லை, உருவம் மாறிற்று. 'யாருக்கு மறுப்பது' என்றிருந்த வினா, 'எப்போது தொடங்குவது, யாருக்குத் தொடங்காதிருப்பது' என்று ஆயிற்று. ஒரு காலத்தில் விரைந்து தொடங்குவதே நன்று என்று கற்பித்தனர். கொரியப் போர்க்களத்தில் பால் டெசன் என்னும் படைமருத்துவர், காயம்பட்டுச் சிறுநீர் நின்ற வீரர்க்குத் தூய்மிப்புச் செய்து பலரைக் காத்தார். அதுவரை பெரும்பாலார் மாண்டுகொண்டிருந்தனர். 1960இல் அவர், நோயாளர் நலிந்து வீழும்வரை காத்திராமல் முன்னதாகவே பொறியைப் பூட்டுக என்று எழுதினார். அவர் காலத்திற்கு அது சரியே. பின்வந்தோர் அதனை எல்லார்க்கும் நீட்டினர். 2010இல் ஆத்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 பேரை வைத்து நாட்பட்ட நோயில் ஆய்ந்தபோது, முன்னதாகத் தொடங்கியவரும் பின்னதாகத் தொடங்கியவரும் ஒரே அளவாக வாழ்ந்தனர் என்று கண்டனர். 2020இல் பதினைந்து நாடுகளில் மூவாயிரம் பேருக்கு மேல், கடும்நோய்ப் பிரிவில் திடுமெனச் சிறுநீரகம் பழுதானோரிடத்தில் ஆய்ந்தபோதும், விரைந்து பூட்டியதால் உயிர் கூடுதலாக நிற்கவில்லை. காத்திருந்தோருள் பலர்க்குப் பொறியே வேண்டியிருக்கவில்லை.

இதைவிடக் கடினமான செய்தி 2009இல் வந்தது. அமெரிக்க முதியோர் இல்லங்களில் வாழ்ந்து தூய்மிப்புத் தொடங்கிய 3702 பேரின் ஏடுகளைப் பார்த்தனர். ஓராண்டுக்குள் நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் பேர் இறந்தனர். தொடங்குமுன் தம் வேலையைத் தாம் செய்துகொண்ட அளவிலேயே ஓராண்டின் பின்னும் நின்றவர் நூற்றுக்குப் பதின்மூவர்தாம். ஆகவே எண்பத்தைந்து அகவைப் பாட்டனாரின் கிரியாட்டினின் ஏறிவிட்டது என்பதற்காகக் கிழமைக்கு மும்முறை, நான்கு நான்கு மணிநேரம் அவரை நாற்காலியில் கட்டுவது கடமையா? அவரிடம் கேட்டாரா எவரேனும்?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பயிற்சியில்தான் மேற்பயிற்சி நெடுங்காலம் பின்தங்கியிருந்தது. 2003இல் அந்நாட்டுப் பயிற்சி மருத்துவரிடம் உசாவியபோது, பொறியைக் கையாளத் தாம் ஆயத்தமாக இருப்பதுபோல் சாவை நெருங்கியவரோடு பேச ஆயத்தமாக இல்லை என்று பலரும் ஒப்புக்கொண்டனர். குரோனிங்கனில் கோல்ஃபு எந்தப் பயிற்சியுமின்றித் தனியே சுமந்த அதே வேலை! அறுபத்தைந்தாண்டு கழித்தும் அது பாடத்தில் ஏறவில்லை. இப்போது சில இடங்களில் மூத்த மருத்துவர், இளையவரை அருகில் அமர்த்திக்கொண்டு நோயாளரோடு பேசிக் காட்டுகிறார். பேசிமுடித்து வெளியே வந்தபின், 'நீ எங்கே அவர் பேச்சை இடைமறித்தாய்?' என்று கேட்கிறார். நல்ல ஆசிரியர்க்கு அதுவும் ஓர் அறுவைத்திறமே.

நம் நாட்டுக்கு வருவோம். 1971இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் வெற்றியான சிறுநீரக மாற்று நடந்தது. சண்டிகரில் பேராசிரியர் கிர்ப்பால் சிங்கு சுக்கு ஒரு தலைமுறையையே பயிற்றுவித்தார். இங்கே மருத்துவப் படிப்பு ஐந்தரையாண்டு, பொது மருத்துவ மேற்படிப்பு மூன்றாண்டு, அதன்மேல் சிறுநீரகவியல் மூன்றாண்டு. அமெரிக்க ஏட்டில் சில வரிகளில் முடியும் நோய்கள் இங்கே பயிற்சியின் பெரும்பகுதி: பாம்புக்கடி, கழிச்சல், எலிக்காய்ச்சல், மலேரியா. பாம்புக்கடியால் சிறுநீரகம் பழுதாதலை ஆய்ந்து உலகுக்குச் சொன்னவர்களுள் சுக்கு முன்னவர். வயலில் கடிபட்டு மூன்றாம் நாள் சிறுநீர் நின்று வரும் உழவரின் காய், இரண்டு மூன்று கிழமை பொறியின் துணையோடு காத்திருந்தால் பெரும்பாலும் மீண்டும் சுரக்கும். ஈண்டும் காத்திருத்தலே. அந்த மூன்று கிழமைக்குச் செலவு செய்ய அவர் வீட்டில் இருக்குமானால்!

சியாட்டிலில் ஒரு குழு தேர்ந்தது. நம் நாட்டில் நெடுங்காலம் பணப்பை தேர்ந்தது. குழுவேனும் ஏடு பார்த்தது. தூய்மிப்பைத் தொடங்கிச் சில திங்களில் நிலத்தை விற்று, நகையை விற்று, பின் வாராமலே நின்றுபோனவர் எத்தனை பேர் என்பதை நம் மருத்துவர் எல்லாரும் அறிவர். 2016இல் நடுவண் அரசு மாவட்ட மருத்துவமனைகளில் ஏழையர்க்கு விலையின்றித் தூய்மிப்புச் செய்யும் திட்டத்தை அறிவித்தது. பொறி மாவட்டத்திற்கு வந்தது, நன்று. பொறியை ஓராண்டில் வாங்கலாம். அதன் அருகில் நிற்கவேண்டியவரை உருவாக்கப் பதினொன்றரை ஆண்டு செல்கின்றது. உருவானவர் பெருநகரை விட்டு நகர்வதும் அரிதாயிருக்கின்றது. அமெரிக்காவிலோ வேறு வகைத் துன்பம்: வேலை மிகுதி, இரவுகள் நெடியன, வருவாயோ நெஞ்சாங்குலைத் துறையைவிடக் குறைவு என்று அந்நாட்டு இளைஞர் இத்துறையைத் தவிர்க்கின்றனர், பயிற்சி இடங்கள் பல ஆண்டுகளாக நிரம்பாமல் கிடக்கின்றன, நிரம்புவனவற்றுள் பெரும்பங்கை வேற்று நாட்டார் நிரப்புகின்றனர். அவ்வேற்று நாட்டாருள் நம் நாட்டார் பலர். இங்கே ஆளில்லாமல் இருக்கும்போது அங்கே போய் நிற்கும் நம் பிள்ளைகளைக் கடிவதா, அவர்க்கு இங்கே இடம் செய்யாத நம்மை நொந்துகொள்வதா என்பதை அவையோர் எண்ணிப்பாருங்கள்.

1985 முதல் பன்னாட்டுச் சிறுநீரகவியல் கழகம் இதற்கு ஒரு மாற்றுவழி செய்தது. வளங்குன்றிய நாட்டின் இளைய மருத்துவர்க்கு நல்கை கொடுத்து வெளியே பயிலச் செய்வது. பயின்றதும் தம் நாட்டுக்கே திரும்பிப் பணியாற்றவேண்டும் என்பது அதன் நோக்கம். தோழமை என்னும் சொல்லுக்கு அது ஒருவாறு பொருந்துகின்றது.

பேச்சைக் குறித்து இன்னும் ஒன்று. நம் மருத்துவர் மூன்றாண்டும் ஆங்கிலத்திலேயே கற்கிறார், தேர்வும் ஆங்கிலத்திலேயே. வடநாட்டிலிருந்து வந்து தமிழகத்தில் பயில்வோரும் உளர். 'உங்கள் கிரியாட்டினின் ஏறிவிட்டது, டயாலிசிசு இனிசியேட் பண்ணணும்' என்று சொன்னால், எதிரில் இருக்கும் முதியவர் தலையாட்டுவார். தலையாட்டல் ஒப்புதல் ஆகாது. 'ஐயா, உங்கள் குண்டிக்காய் இரண்டும் சுருங்கிவிட்டன. இனிக் குருதியைப் பொறியில் கழுவவேண்டியிருக்கும். கிழமைக்கு மூன்று நாள் இங்கே வரவேண்டும். வேண்டாமென்றால் வலியில்லாமல் பார்த்துக்கொள்ள வேறு வழியும் உண்டு. உங்கள் விருப்பம் என்ன?' என்று கேட்டுப் பாருங்கள். அவர் கேள்வி கேட்பார். பேரப்பிள்ளையின் திருமணம் எப்போது என்பார். அதுவரை தள்ளமுடியுமா என்பார். அவருடைய நோயைப் பற்றிய உண்மையான கலந்துரையாடல் அப்போதுதான் தொடங்குகின்றது. மொழியறியா வடநாட்டு மருத்துவர்கூட இந்த நான்கு தொடரைக் கற்றுக்கொள்ள ஒரு கிழமை போதும், கற்றுக்கொண்டவரும் உளர்.

கடைசியாகச் சென்னைச் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி செய்த வேலையைச் சொல்லவேண்டும். பெரிய மருத்துவமனையில் மாற்று அறுவைக்குரிய நோயாளரைக் காத்துவந்தவர் அவர். நாட்டில் சிறுநீரகம் இழப்போர் எல்லார்க்கும் பொறியோ மாற்றோ கொடுக்க நம் செல்வம் போதாது என்று கணக்கிட்டு, காய் கெடுமுன் தடுப்பதே வழி என்று துணிந்தார். பலர்க்குக் காய் கெடுவது நீரிழிவாலும் குருதிக் கொதிப்பாலும் அன்றோ? அறக்கட்டளையொன்றின் வாயிலாக, சென்னைக்கு அண்மையிலுள்ள சிற்றூர்களில் அவ்வூர்ப் பெண்களையே பயிற்றுவித்தார். அவர்கள் வீடு வீடாகச் சென்று குருதியழுத்தம் பார்த்தனர்; சிறுநீரை வாங்கிச் சருக்கரைக்கும் புரதத்திற்கும் ஆய்ந்தனர். மாறுபாடு கண்டவரை மருத்துவர் பார்த்து, விலை குறைந்த பழைய மருந்துகளையே கொடுத்து அழுத்தத்தையும் சருக்கரையையும் அடக்கினார். ஓராளுக்கு ஆண்டொன்றுக்கு ஆன செலவு சில பத்து உருபாவே.

புரதம் பார்க்க அவர்கள் கையாண்டது ஒரு கண்ணாடிக் குழாயும் சில துளிப் புளிமமும். குழாயில் சிறுநீரை விட்டு, புளிமத்தைச் சொட்டி, வாயில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். தெளிவாக இருந்தால் அடுத்த வீடு. வெளுத்துத் திரிந்தால் அப்பெயர் ஏட்டில் ஏறும். அந்தக் கிழமையே மருத்துவர் வருவார்.